மென்சியசின் வாழ்வாதாரக் கொள்கையும் மலையகக் காணியுரிமையும்

மென்சியஸ் (கி.மு. 372–289 அளவில்) கன்பூசியஸ் மரபில் வந்த சீனச் சிந்தனையாளர். நிலையான வாழ்வாதாரம் இல்லாத மக்களிடம் நிலையான மனத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அவருடைய அரசியல் கொள்கையின் அடித்தளம். குடிகளை வறுமையில் தவிக்கவிட்டு, அவர்கள் குற்றம் செய்ததும் தண்டிப்பது வலைவிரித்துப் பிடிப்பதற்குச் சமம் என்று சீ நாட்டு அரசன் சுவானுக்கு எடுத்துரைத்தார். அவர் வகுத்த ஏற்பாட்டில் குடும்பத்துக்கு 5 மூ மனையும் (மூ என்பது பழைய நில அளவை) அதில் மல்பெரி மரங்களும் உண்டு. கோழி, பன்றி வளர்ப்பு உண்டு. உழுவதற்கு 100 மூ வயல் தனியே உண்டு. பள்ளியும் நல்லொழுக்கப் போதனையும் அதற்குப் பிறகுதான்.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் இந்த வரிசை தலைகீழானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1988, 2003 சட்டங்களால் பிரஜாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. காணி மட்டும் வரவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இரண்டு முறையும் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) குடியிருந்தவர்களுக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு, அருகே ஒரு மரக்கறிப் பாத்தி. நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பமும் ஒரு சுவரை நீட்டிக் கட்டத் துரையின் (தோட்ட நிர்வாகியின்) அனுமதியை நாட வேண்டும். வீட்டில் எவரும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யாவிட்டால் குடியிருப்பே கேள்விக்குள்ளாகலாம். உறுதி இல்லாததால் வங்கியில் ஈடுவைக்கவும் வழியில்லை. வாக்குரிமை பெற்ற குடிமக்களை இப்படி வைத்திருப்பது ஆட்சியின் குறையே.

2015க்குப் பின் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்பது அரசின் கொள்கையாயிற்று. இந்திய உதவியில் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இருந்த தடையும் நீங்கியது.

ஓர் ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச்சில் வீடும் நாலு பாத்தியும் அடங்கும், ஜீவனம் அடங்காது. மென்சியசின் கணக்கில் மனை வேறு, வயல் வேறு. மலையகத்துக்குக் கிடைத்துவருவது மனை மட்டுமே, அதுவும் எல்லாருக்கும் அல்ல. சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்குகின்றன, நிலம் கைமாறுவதில்லை. காணியைப் பிரித்தால் தொழில் கெடும் என்ற வாதத்துக்கும் வலுவில்லை: இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி இன்று காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களின் சிறு தோட்ட உரிமையாளர்களிடமிருந்தே வருகிறது.