குமாரபாளையத்துக் காவிரிக் கரைவழி

மேட்டூரினின்று தெற்கு நோக்கி இறங்கும் காவிரி, பவானியாற்றைத் தன்னொடு கூட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ஊர்களை எதிரெதிரே நிறுத்தியுள்ளது. மேலைக்கரையில் இருப்பது பவானி. கீழைக்கரையில் இருப்பது குமாரபாளையம். இடைப்பட்டது ஓர் ஆற்றின் அகலமே. ஆயினும் ஏடுகளில் அவ்விரண்டும் நெடுந்தொலைவில் உள்ளன. மேலைக்கரை, கொங்கில் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருநணா. சங்கமேசுவரர் உறையும் கூடல். அதற்குப் பதிகம் உண்டு. கோட்டை இருந்த செய்தி உண்டு. அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்பும் உண்டு. கீழைக்கரைக்கு இவற்றுள் ஏதும் வாய்த்திலது. அது தறியூர். பாட்டாலும் கல்லாலும் அறியப்படாத ஓர் ஊரின் வரலாற்றை எங்கே தேடுவது என்னும் வினாவுக்கு, அதன் ஆற்றங்கரையில் நடந்து தேடலாம் என்பதே இக்கட்டுரையின் விடை. பழைய பாலத்தடியில் தொடங்கித் தெற்கே சேலம் - கோவை நெடுஞ்சாலைப் பாலம் வரை செல்வதே ஈண்டுக் கூறப்படும் கரைவழியாகும்.

நடக்கத் தொடங்குமுன் ஆட்சிப் பிரிவினைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்விடத்துக் காவிரி நெடுங்காலம் மாவட்ட எல்லையாகவே இருந்துவருகின்றது. சேலம் மாவட்டத்தைப் பற்றி லெ பானு 1883ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் கீழைக்கரை அடங்கியது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றி நிக்கல்சன் 1887ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மேலைக்கரை அடங்கியது. 1979இல் பெரியார் மாவட்டமும் 1997இல் நாமக்கல் மாவட்டமும் தோன்றிய பின்னரும் எல்லைக்கோடு ஆற்றினின்று பெயரவில்லை. ஒரே துறையில் நீராடி, ஒரே சந்தையில் நூல் கொண்டு, ஒரே தொழிலால் வாழ்ந்த மக்கள் இருவேறு ஏடுகளிற் பதிவாயினர். ஆராய்ச்சியாளரும் தத்தம் மாவட்டத்துக் கரையோடு நின்றுவிடுகின்றனர். இக்குறை சிறிதன்று.

இவ்வெல்லை ஒரு காலத்தில் மாவட்ட எல்லையாக மட்டும் இருந்ததில்லை. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு வந்தன. கோயம்புத்தூர்ப் பகுதி 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகே அவர் கைப்பட்டது. ஆகவே இடைப்பட்ட ஏழாண்டுகள் குமாரபாளையத்துக் கரை கும்பினியின் நாடாகவும், கண்ணுக்கெதிரே தோன்றும் பவானிக் கோபுரம் மைசூரின் நாடாகவும் விளங்கின. பழைய பாலத்தின்மேல் நின்று மேற்கே நோக்குவார் இன்று ஓர் ஊரைக் காண்கின்றனர். அன்று நோக்கியவர் வேற்றரசைக் கண்டார். ஊர்ப்பெயரின் ஈறாகிய 'பாளையம்' என்னுஞ் சொல் படையிறங்கிய இடத்தைக் குறித்துப் பின்னர்க் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று. கொங்கில் இவ்வீறு மிகுதி. ஆதலின் இப்பெயர் கொண்டே இங்கு ஒரு படைவீடு இருந்ததெனத் துணிதல் பொருந்தாது. பேச்சு வழக்கிற் 'கொமாரபாளையம்' என ஒலிப்பதும் இவ்வூர்தான்.

பாலத்தினின்று இறங்கிப் படித்துறையை அடைந்தால் நேர்மேற்கில் கூடல் தோன்றும். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டினின்று திருநணாவுக்குச் சென்று வழிபட்டு மீண்டும் செங்குன்றூருக்கே வந்தார் எனப் பெரியபுராணம் கூறும். திருச்செங்கோடு காவிரிக்குக் கிழக்கே உள்ளது. திருநணா மேற்கே உள்ளது. எனவே அவர் சென்றபோது ஒருமுறையும் மீண்டபோது ஒருமுறையும் காவிரியைக் கடந்திருத்தல் வேண்டும். கடந்த துறை இதுவே என நாட்டச் சான்றில்லை. ஆனால் கீழைக்கரையில் ஏதோ ஒரு துறையும், ஓடமோ பரிசிலோ செலுத்துவாரும் அன்றே இருந்தனர் என்பதில் ஐயமில்லை. பதிகம் கோயிலைப் பாடிற்று. கடத்திவிட்டவர் கரையைப் பாடும் வழக்கம் இல்லை. கீழைக்கரையின் பழமைக்கு நாம் காட்டக்கூடிய முதற் குறிப்பு இவ்வாறு உய்த்துணரும் குறிப்பாகவே அமைகின்றது.

பிற்காலத்துச் செய்திகளும் அக்கரையையே சார்ந்தன. 1800ஆம் ஆண்டு இவ்வழிச் சென்ற பிரான்சிசு புக்கானன் பவானிகூடலின் கோட்டையையும் சிவன், திருமால் கோயில்களையும் கெட்டி முதலியாரொடு சார்த்தி எழுதினார். கோயம்புத்தூர்ப் பகுதி ஆட்சியராயிருந்த வில்லியம் காரோ 1804இல் வேதநாயகியம்மைக்குத் தந்தக் கட்டில் அளித்த செய்தியை அறியாதார் இப்பகுதியில் இலர். கூடலுக்குச் சிறிது மேற்கே பவானியாற்றின் குறுக்கே நிற்கும் காளிங்கராயன் அணை இவற்றினும் பழமையானது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வணையினின்று புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலைச் சேர்கின்றது. ஒரு கரைக்கு இத்தனை பெருமை உண்டாயின் மறுகரை நிழலில் மறைவது இயல்பே.

இனிப் படித்துறையை விட்டுத் தெருக்களுள் நுழைவோம். கீழைக்கரையின் ஏடு இங்கேதான் விரிகின்றது. நெசவாளரைக் கல்வெட்டுகள் முற்றும் மறந்தன என்று கூறுதல் சாலாது. தமிழகக் கல்வெட்டுகளில் 'தறியிறை' என்னும் வரி பலகாலும் வருகின்றது. அஃதாவது, நெய்தவன் என்ற முறையில் அன்று, வரி செலுத்தியவன் என்ற முறையிலேயே அவன் கல்லில் ஏறினான். அவன் எவ்வாறு நெய்தான் என்பதைத் தெருவின் அமைப்பே கூறுகின்றது. சேலம், நாமக்கல் பகுதிகளின் நெசவூர்களில் 'பாவடி' என்றோர் இடம் உண்டு. பாவினை நெடுக விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுதற்கு ஊரார் பொதுவாக ஒதுக்கிய வெளி அது. நீண்டு நேராகச் செல்லும் அகன்ற தெரு, நடுவே வீடின்மை, விடியற்காலத்தே வெயில் படரும் திசை ஆகியவை பாவடியின் அடையாளங்கள். பாவு வெயில் ஏறுமுன் ஆறவேண்டும். ஆதலால் தெருவின் திசையைக் கதிரவனே வகுத்தான் எனலாம். வீட்டினுள்ளே குழித்தறி. மிதிகட்டைக்கு எனத் தோண்டிய குழியில் காலை வைத்துத் தரைமட்டத்தில் அமர்ந்து நெய்யும் தறி அது. மண்ணின் ஈரம் இழையை அறாமற் காக்கும். ஆற்றங்கரையூர் தறிக்கு உகந்தமைக்கு இவ்வீரமும் ஒரு காரணம்.

ஆறு மற்றொரு வகையிலும் நெசவுக்கு இன்றியமையாததாயிற்று. சாயமேற்றிய சிட்டங்களை ஓடும் நீரில் அலசியாக வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் ஒட்டாத சாயம் மீண்டும் நூலிற் படியும். அவுரியும் சாயவேரும் பயன்பட்ட காலத்தில் இதனால் ஆற்றுக்குப் பெருங்கேடு விளைந்திலது. செருமானிய வேதியியலார் 1869இல் சாயவேரின் செந்நிறத்துக்கு இனமான அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897முதல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவ்விரண்டும் நம் நாட்டு அவுரிப் பாத்தியை வெறுமையாக்கின, சாயத்தொழிலை எளிதாக்கின, நீரை அரிதாக்கின. எதிர்க்கரைப் பவானியின் சமக்காளம் 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பட்டை பட்டையான நிறங்களும் சாயப்பட்டறை வழி வந்தவையே என்பதை நாம் நினைப்பதில்லை.

குமாரபாளையம் சமக்காளத்தோடு நில்லாமல் கைலி, துண்டு முதலியவற்றில் இறங்கிற்று. பின்னர் விசைத்தறி வந்தது. குறித்த சில துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கி 1985இல் நடுவணரசு சட்டம் இயற்றிற்று. எனினும் இன்று தெருவில் நடப்பார் செவியில் விழுவது பெரும்பாலும் விசைத்தறியின் ஓசையே. இதனைக் கேட்டுக் கைத்தறியின் வீழ்ச்சியென வருந்துவார் உளர். யான் அவ்வாறு முழுதும் வருந்தேன். குழியில் கால் மரத்த தலைமுறையின் மக்கள் இயந்திரத்தை நாடியதில் வியப்பில்லை. வருந்தத்தக்கது வேறு: பாவடி வெளிகள் பல ஊர்களில் கட்டடங்களாலும் ஊர்தி நிறுத்தங்களாலும் நிரம்பிவருகின்றன, அவற்றின் நீள அகலங்கள்கூட எங்கும் குறித்துவைக்கப்படவில்லை.

தெற்கே செல்லச் செல்லத் தெருக்கள் தாழ்கின்றன. கலைமகள் வீதி, மணிமேகலை தெரு, இந்திரா நகர் ஆகியவை காவிரி பெருகுங்கால் நீர் புகும் இடங்கள். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகத்துத் திங்களில் மேட்டூரினின்று நொடிக்கு 2 இலட்சம் கனஅடியளவில் நீர் திறக்கப்பட்டபோது இக்கரைவாழ் மக்கள் வீடு துறந்து முகாம்களில் தங்கினர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியைக் கூறும் காப்பியத்தின் பெயரைத் தாங்கிய தெருவில் அக்காவிரியே புகுவது தமிழ் பயின்றார் நெஞ்சை உறுத்தும். பெயரிட்டவர் இதனைக் கருதியிரார். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வெள்ளம் அடங்கும் என்று எண்ணியே மக்கள் கரைக்கு நெருங்கி வீடமைத்தனர் போலும். அணைக்கும் ஊருக்கும் இடையே ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களிலும், கீழே சமயசங்கிலியிலும் மின்னாக்கத்துக்கெனக் கதவணைகள் அமைந்தன. அதனால் அலசுதற்கு வேண்டிய ஓட்டம் குறைந்து, ஆறு பலகாலும் தேக்கமாக நிற்கின்றது. தொழிலுக்கு மின்னாற்றலை அளித்த ஆறே தொழிலின் கழிவைக் கொண்டுசெல்லும் விரைவை இழந்தது.

இக்கழிவைப் பற்றிய அரசாணை 1989இல் பிறந்தது. மாசு மிகச் செய்யும் தொழிற்சாலைகளை ஆறுகளினின்று 1 கிலோமீட்டருக்குள் புதிதாக அமைத்தலை அது தடுத்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் இசைவின்றி இயங்கும் சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் இடித்தகற்றும் செய்தி பலமுறை வந்துளது. கரையை ஒட்டியே பிறந்த ஒரு தொழிலைக் கரையினின்று அகலச் சொல்வது எளிதன்று. ஆயினும் நொய்யலின் கதி இதற்கு விடையாகும். ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென 1992இல் முடித்த அணை சாயநீரின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஈராண்டும் ஒரு நூற்றாண்டன்று; இடையே பத்தொன்பதே ஆண்டுகள்.

இங்கிலாந்தில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள கிராம்போர்டில் ஆர்க்ரைட் 1771இல் நீராற்றலால் பருத்தி நூற்கும் ஆலையை நிறுவினார். அத்தகைய ஆலைகளில் நூற்ற நூல் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து நம் தறிகளில் பாவாக ஏறிற்று. நம் இராட்டைகள் ஓய்ந்தன. அவ்வாற்றங்கரை ஆலைகளை 2001இல் யுனெசுகோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் லோவெல் நகரத்துத் துணியாலைகளும் கால்வாய்களும் 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின. அங்கே நீரோரமாக நடந்தே தொழில் வரலாற்றைக் கற்கின்றனர். நூல் அனுப்பியோர் கரை காக்கப்படுகின்றது. அந்நூலை நெய்தோர் கரையின் பாவடிகள் அளக்கப்படவுமில்லை.

ஆதலின் இருமாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறையினரும் கூடிச் செய்யத்தக்க பணி ஒன்று உளது. பழைய பாலம் முதல் நெடுஞ்சாலைப் பாலம் வரையுள்ள படித்துறைகளின் பெயர்களையும், பாவடிகளின் அளவுகளையும், எஞ்சியுள்ள குழித்தறி வீடுகளின் அமைப்பையும், தறியைச் சார்ந்த சொற்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்கவேண்டும். பாவாற்றி, அச்சு, விழுது, நாடா, ஊடை, சிட்டம் எனத் தொடங்கும் அச்சொற்பட்டியில் ஆற்றைச் சார்ந்த சொற்களும் வரும். நூல் அலசிய துறைக்கும் நீராடிய துறைக்கும் வேறுவேறு பெயர் இருந்தனவா என்பதை முதலில் கேட்டறிதல் நன்று. குழித்தறியில் அமர்ந்தவர்களுள் நினைவோடு இருப்பவர் எண்பதைக் கடந்துவிட்டனர்.