கல்லெழுத்தும் கிறுக்கலும்

கல்லின்மேற் பொறித்தது காலத்தைக் கடந்து நிற்கும் என்னும் துணிவு பற்றியே நம் முன்னோர் அறக்கொடைகளையும் திருப்பணிகளையும் பாறைகளிற் பொறித்து வைத்தனர். அத் துணிவே இக்காலத்தார் சிலரைப் பிறிதொரு செயலிற் செலுத்துகின்றது. மலைக்கு உலாவச் செல்வோர் தம் பெயரையும், தாம் விரும்பினார் பெயரையும், வந்துபோன ஆண்டினையும் ஆணியாலும் கரியாலும் எனாமல் வர்ணத்தாலும் இயற்கைப் பாறைகளில் எழுதிவிட்டு வருகின்றனர். அவற்றைப் போக்கவேண்டும் என்பதில் அறிவுடையார்க்கு ஐயமில்லை. ஆயின் எதனைப் போக்குவது, எவ்வாறு போக்குவது, போக்குதற்கு உரியார் யாவர் என்பன ஆராயற்பாலன. ஆராயாது செய்யும் தூய்மை அழுக்கினும் பெருங்கேடு விளைத்தலும் உண்டு. இதனை எம் ஊராகிய குழித்துறையைச் சூழ்ந்த இரண்டு மலைத்தலங்களின் வரலாறு கொண்டும், பிறநாட்டு நிகழ்ச்சிகள் சில கொண்டும் ஈண்டு விளக்கப் புகுகின்றாம்.

குழித்துறைக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிற் சிதறால் என்னும் ஊர் உளது. அவ்வூர் மலை பழஞ் சாசனங்களில் திருச்சாரணத்து மலை எனப் பெயர் பெறும். பெரும்பாறையொன்று மற்றொன்றன்மேற் கவிந்து இயற்கையாகவே குகையாய் அமைந்துள்ள அவ்விடத்துச் சமண முனிவர் தங்கியிருந்தனர். பாறையின் முகத்தே தீர்த்தங்கரர் உருவங்களும், பார்சுவநாதர் அம்பிகை முதலியோர் உருவங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வுருவங்கள் சிலவற்றின் அடியில் வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தார் பெயர் காணப்படும். அவருள் அச்சணந்தி என்பார் பாண்டி நாட்டு மலைகள் பலவற்றினும் இவ்வாறே திருமேனிகள் செய்வித்தவர்.

9ஆம் நூற்றாண்டில் இந்நாட்டையாண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனது 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரர் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியார் இம்மலைப் பட்டாரியார்க்குப் பொன்னணி வழங்கிய செய்தியும் இப்பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டளவில் இப்பள்ளி பகவதி கோயிலாயிற்று. சமயம் மாறியும், வந்தவர் முன்னிருந்தார் உருவங்களைச் சிதைத்திலர், எழுத்துக்களையும் அழித்திலர். 1908இல் திருவிதாங்கூர் அரசின் தொல்லியற் பணியை ஏற்ற து. அ. கோபிநாதராயர் போன்றார் இந்நாட்டுச் சாசனங்களைப் படியெடுத்து அச்சிட்டு உலகிற்கு அறிவித்தற்கு அப்பொறையுடைமையே காரணம் என்க.

இனி, சிவராத்திரியன்று அடியார் ஓடித் தொழும் பன்னிரு சிவாலயங்களுள் நான்காவதாகிய திருநந்திக்கரையை நோக்குவாம். அங்கே இயற்கைப் பாறையைக் குடைந்து சிவபெருமானுக்கு எடுத்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அதன்கண் வட்டெழுத்துச் சாசனங்களும், மங்கிப்போன பழைய ஓவியங்களின் எச்சங்களும் உள. முதலாம் இராசராசசோழனது 18ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், முட்டம் என்னும் ஊர் மும்முடிசோழநல்லூர் எனப் பெயர் மாற்றப்பெற்றதனையும், அம் மன்னன் பிறந்த நாளாகிய ஐப்பசிச் சதயத்தில் நிகழ்த்தும் விழாவிற்கு விடப்பட்ட நிவந்தத்தினையும் கூறும். தஞ்சைப் பெருவேந்தனது பிறந்தநாட் சிறப்பினை நாஞ்சில் நாட்டின் மேல்பாலுள்ள சிறியதொரு குகையின் பாறை இன்றும் நினைவிற் கொண்டிருத்தல் வியப்பன்றோ!

இவ்விரண்டிடத்தும் பாறைமேற் பெயர்கள் உள. இன்று ஆணியாற் கீறுவோனும் பெயரே எழுதுகின்றான். அங்ஙனமாயின் இரண்டிற்கும் வேற்றுமை யாது? அச்சணந்தியார் பெயர் ஒரு திருமேனியின் அடியில் நின்றது. குரத்திகள் பெயர் ஒரு கொடையோடு நின்றது. இராசராசன் பெயர் ஒரு விழாவைத் தாங்கி நின்றது. அவை செயலுக்குச் சான்றாகவும், பின்வருவார் அறத்தைக் காத்தற்கு ஆணையாகவும் எழுந்தன. இக்காலத்துக் கிறுக்கலோ, யான் இங்கு வந்தேன் என்பதன்றிப் பிறிதொன்றும் கூறுவதன்று. யான் என்பது மட்டும் நின்று, செய்த தொண்டு ஒன்றும் இன்றேல் அதனை நம் நூலோர் ஆணவம் என்பர்.

இதற்கு ஒரு தடை எழுப்புவாரும் உளர். இலங்கையிற் சிகிரி மலையின் கண்ணாடிச் சுவரிற் பழங்காலத்தே வந்து கண்டோர் கீறிவைத்த பாடல்கள், இன்று சிங்கள மொழி வரலாற்றிற்கு விலைமதிப்பற்ற சான்றுகளாகப் போற்றப்படுகின்றன. அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதானர் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர். ஆகவே இன்றைக் கிறுக்கலும் நாளைச் சாசனம் ஆகாதோ என்பர். அற்றன்று. பழங்கிறுக்கலைச் சான்றாக்கியது அதன் அருமையும் அக்காலத்து ஏடுகள் அழிந்தமையுமேயன்றி, கீறியவர் செயலின் தகுதியன்று. அச் சுவரிலேயே இன்று ஒருவர் புதிதாக எழுதின் முன்னோர் எழுத்தின்மேல் எழுதி அதனை அழிப்பவராவார். ஆதலின் இலங்கைச் சட்டம் அதனைத் தண்டித்தற்குரிய குற்றமாகக் கொள்ளுகின்றது. ஆயினும் அத்தடையினின்று நாம் கொள்ளற்பாலதொன்று உண்டு: காலம் தெரியாத எழுத்து எதுவாயினும் அது கிறுக்கல் என்று தோன்றிய அளவில் அழிக்கத் தகுவதன்று என்பதே அது.

அறியாது அழித்தலின் கேட்டிற்கு 1992இல் பிரான்சு தேசத்தில் நிகழ்ந்ததொரு செயல் என்றும் எடுத்துக்காட்டாய் நிற்கும். புருனிக்கேல் என்னும் ஊரை அடுத்த மேரியேர்க் குகையிற் கண்டோர் எழுதிய கிறுக்கல்களைப் போக்க எண்ணிச் சாரணர் இயக்கத்துச் சிறுவர் பலர் கம்பிப் புருசுகளுடன் உட்புகுந்தனர். அவர் கருத்து நல்லதே, உழைப்பும் பெரிதே. ஆயின் கிறுக்கலோடு கிறுக்கலாக, கற்காலத்து மாந்தர் தீட்டிய காட்டெருமை ஓவியங்கள் இரண்டன் பகுதிகளையும் அவர் தேய்த்து அழித்துவிட்டனர். பல்லாயிரம் ஆண்டு இருளிற் பிழைத்திருந்த ஓவியம் நல்லெண்ணத்தின் கைக்குத் தப்பவில்லை. அவ்வாண்டே அவர்க்கு உலகம் ஏளனப் பரிசு ஒன்றும் வழங்கிற்று.

பிறநாட்டாரைக் கூறி யாம் தப்பவொண்ணாது. நம் நாட்டிலும் திருப்பணி என்னும் பெயராற் கோயிற் சுவர்களின்மேல் மணலை விசையுடன் வீசித் தேய்த்தமையாற் கல்வெட்டுக்கள் மழுங்கிய இடங்கள் பல. அன்பு மிகுதியால் மலைப்பாறைகளில் திருநீற்றுக் குறியும், சிவநாமமும், வேலும் சுண்ணாம்பாலும் காவியாலும் வரைவோரும் நம்முள் உளர். சிவநாமம் எழுதுதல் குற்றமோ என வினவின், நாமத்திற் குற்றமில்லை; இடத்திற் குற்றம் உண்டு. மலையே சிவனுருவாகக் கண்டு வலம்வரும் மரபினர், அம்மலைமேல் வர்ணம் பூசித்தான் அதனைச் சிவமாக்கவேண்டும் என்று எண்ணுதல் பொருந்துமோ?

ஈண்டு அடியேன் பிழையையும் மறையாது கூறுதல் முறை. பள்ளிச்சிறுவனாயிருந்தபோது, ஊரை அடுத்ததொரு குன்றின் பாறையில், நண்பர் இருவரோடு போட்டியிட்டு, ஆணிகொண்டு என் பெயரை ஆழக் கீறினேன். மடத்திற் கற்று, முப்பதாண்டுக்குமேல் தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்ற பின்னர் அக்குன்றின்மேற் சென்றேன். நண்பருள் ஒருவர் இறந்துவிட்டனர். அவர் பெயரும் என் பெயரும் அங்கே இருந்தன. நாணமிகுந்து, உடன்வந்த இளைஞன் ஒருவனிடம் என் பெயரை மட்டும் போக்கச் சொன்னேன். அவன் உளியாற் கொத்தினான். பெயர் போயிற்று; ஆயின் வெயிலும் மழையும் பன்னூறாண்டு பதப்படுத்திக் கருமையேற்றிய பாறைத்தோல் உரிந்து, ஒரு முழ அகலத்திற்கு வெளிறிய புண்ணொன்று தோன்றிற்று. முன்னர் அருகிற் சென்றார்க்கே தெரிந்த என் குற்றம், அன்றுமுதல் அடிவாரத்தினின்று நோக்குவார்க்கும் தெரிகின்றது. கீறலிற் செய்த பிழையினும் நீக்கத்திற் செய்த பிழை பெரிதாயிற்று.

சிவஞான சித்தியாரில், ஆடையின் அழுக்கைச் சாணமும் உவர்மண்ணும் கூட்டிக் கழுவும் உவமை அன்பர் அறிந்ததே. கழுவுவோன் அழுக்கையும் ஆடையையும் வேறு பிரித்தறிந்து, அழுக்கிற்கு ஏற்ற பொருளையே சேர்ப்பன். ஆடையைக் கிழித்து அழுக்கைப் போக்குவானல்லன். பாறையைத் தூய்மை செய்வார்க்கும் அதுவே இலக்கணம்.

அறிந்தோர் கைக்கொள்ளும் முறை வருமாறு. முதற்கண் பாறையை முழுதும் நிழற்படம் எடுத்தல் வேண்டும். மாலை வெயில் சாய்வாய் விழும்போது நோக்கின், நண்பகலிற் புலப்படாத மெல்லிய பொறிப்புக்களும் புலனாகும். பழைய எழுத்தோ ஓவியமோ உண்டு என்னும் ஐயம் சிறிது தோன்றினும் கைவைத்தலாகாது. தொல்லியல் அறிந்தார்க்குத் தெரிவித்து மைப்படி எடுப்பித்தலே தக்கது. ஐயம் நீங்கியபின், கரியையும் சாக்கட்டியையும் உலர்ந்த மெல்லிய புருசாற் போக்கி, எஞ்சியதை நீரால் துடைக்கலாம். சுண்ணாம்பு புதிதாயின் நீரும் நார்ப் புருசுமே போதும். எண்ணெய் வர்ணத்திற்கு, அதனைக் கரைக்கும் அசிட்டோன் முதலிய திரவத்தைக் காகிதக் கூழிலேனும் களிமண்ணிலேனும் தோய்த்து, வர்ணத்தின்மேல் அப்பி, ஆவியாகாதபடி மூடிவைத்துப் பின்னர் எடுப்பர். கரைந்த வர்ணம் பாறையின் நுண்துளைகளுட் செல்லாது அப்பியதனுள் ஏறும். எதனையும் முதலில் ஒரு மூலையிற் சிறிதளவே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

கம்பிப் புருசு, உளி, அமிலம், தீ, மணல் வீச்சு ஆகிய ஐந்தும் விலக்கத்தக்கன. அமிலம் கல்லின் மணிகளை அரித்துக் கறை விளைக்கும். மணல் வீச்சு மேற்புறத்தைச் சொரசொரப்பாக்கிப் புது அழுக்கு விரைந்து ஏறச் செய்யும். ஆழக் கீறியதனை முற்றும் போக்கும் வழி இல்லை. அதனை மேலும் தோண்டாது, மழைக்கும் பாசிக்கும் விட்டுவிடுதலே பெரும்பாலும் நன்று. வர்ணத்தைக் காலந்தாழ்க்காது போக்குதல் இரு நன்மை தரும்: வர்ணம் இறுகுமுன் எளிதில் நீங்கும், ஒருவன் எழுதியதைக் கண்டு மற்றொருவன் எழுதுதலும் நிற்கும்.

கைதேர்ந்தார் செய்யின் எத்துணைப் பெருங்கேடும் ஒருவாறு நீங்கும் என்பதற்கு மீண்டும் சிகிரியே சான்று. 1967இல் தீயோர் சிலர் அம்மலையின் புகழ்பெற்ற ஓவியங்களின்மேற் பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலி நாட்டு வல்லுநராகிய லூசியானோ மரான்சி என்பார் வந்து, பொறுமையோடு அவ்வர்ணத்தைப் போக்கி ஓவியங்களை மீட்டனர்.

கேட்டினைத் தடுத்தற்கு அரசும் சட்டமும் துணை நிற்கின்றன. 2002இல் இமாசலப் பிரதேசத்தில் மணாலியினின்று ரோதங் கணவாய்க்குச் செல்லும் வழியிலுள்ள பாறைகளிற் குளிர்பானக் கம்பெனிகள் முதலியன விளம்பரம் எழுதுவித்தமை செய்தித்தாளால் வெளிப்பட, உச்சநீதிமன்றம் தானே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களைச் சிதைப்போர்க்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பெற்றவாறு, 2 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபா வரை தண்டமும் உண்டு. அமெரிக்காவில் யோசுவா மரம் என்னும் தேசிய வனத்திற் கிறுக்கல் பெருகியமையால் 2013இற் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றன் பகுதி மக்கள் செல்லாவாறு மூடப்பட்டது. கயிறு கட்டிப் பாறையேறுதலை விளையாட்டாகக் கொண்டவர்க்கும் அவ்வழி அடைபட்டது. ஒருவர் கிறுக்கப் பலர் வழியிழத்தல் இதுவாகும். எனினும் காவலர் ஏறாத குன்றுகளே நம் நாட்டிற் பல. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையோவியங்கள் கிறுக்கலாற் கேடுற்றமை அறிஞர் பலரும் வருந்திக் கூறியதொன்று.

சிதறால் மலைபோல அரசு பாதுகாக்கும் இடங்களிற் கிறுக்கலைக் காணின், அன்பர் தாமே துடைக்கப் புகாது தொல்லியல் துறைக்கு அறிவித்தலே கடன். ஏனைக் குன்றுகளிலும் உரியாரிடம் ஒப்புதல் பெற்று, அறிந்தாரொருவர் முன்னிற்க, மேலே கூறிய முறையிற் செய்தல் வேண்டும். அது சமணர் மலை, நமக்கென்ன என்று சைவர் சிலர் கூறக் கேட்டதுண்டு. சிதறாலைப் பகவதி கோயிலாக்கியவர் அங்ஙனம் எண்ணியிருப்பின், நம் நாட்டு ஆய் மன்னர் வரலாற்றிற் பாதி இன்று இராது. பிறர் தொழுத கல்லையும் பேணுதல் நம் நாட்டுப் பழைய வழக்கு.

சிவராத்திரி தோறும் முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் ஈறாக ஓடும் அன்பர் பல்லாயிரவர். அவருள் ஒவ்வொருவரும் திருநந்திக்கரைப் பாறையின் முன் ஓரிமைப்போது நின்று, அங்குள்ள பெயர்கள் யாருடையன, எதற்காக நின்றன என்று தம் மக்கட்கு எடுத்துரைப்பாராயின், அம்மக்கள் ஆணி கொண்டு மலையேறார். கிறுக்கலைப் போக்கும் வழிகளுட் பாறைக்கு வடுச் செய்யாத வழி அஃதொன்றே. அடியேன் பெயர் இருந்த இடத்து வெளிறிய வடு கருமையேற எத்தனை நூறாண்டு செல்லுமோ! அதனைக் காணும் சிறுவர் இனியேனும் கல்லைக் கல்லாகவே விடக் கற்பாராக. திருவருள் முன்னிற்க.