உரிமை தண்டனையான கதை

1938-இல் அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடை வசதி கோரிப் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. பெரியாரும் பெண் விடுதலைக்காகவே கருத்தடையைப் பேசினார். நாம் உரிமையாகக் கேட்டதை நெருக்கடி நிலை தண்டனையாக்கியது.

1976-77-இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்கு. வட மாநிலங்களில் ஆசிரியர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் ஆள் பிடிக்கும் இலக்கு. தவறினால் சம்பளம் நிறுத்தம். மேலிருந்து இறங்கிய இலக்கு கடைசியில் வந்து விழுந்தது தலித்துகள், முஸ்லிம்கள், நிலமற்றவர்கள் உடல்மீது. பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் சாவுகள் செய்தியாகவில்லை. 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்ததை ஆட்சி வீழ்ந்தபின் ஷா கமிஷன்தான் பதிவுசெய்தது.

அன்று அறுவைக்கு ஆளானவர்களில் நான்கில் மூவர் ஆண்கள். அவர்கள் கோபத்துக்கு அஞ்சிய அரசுகள் பிறகு பெண்கள் பக்கம் திரும்பின. கருத்தடையின் சுமை இன்றும் பெண்கள் தலையில்தான்.

இந்த உக்கடத்துத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து பிரசவத்துக்குப் போகும் நம் சகோதரியிடம், கைநாட்டு வாங்குமுன் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்கிறார்களா? நெருக்கடி நிலை முடிந்ததா என்பதை நாம் அங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.