அன்னபூரணியின் மாலுமிகள்

அஜக்ஸ் என்பது ஒரு கப்பலின் பெயர். 1939 டிசெம்பரில் தென்னமெரிக்கக் கரையில், பிளேற் நதி முகத்துவாரத்தில், ஜேர்மன் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பேயுடன் மோதிய பிரித்தானியக் கப்பல் அது. 1941இல் எறிகணைத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றி எழுந்த நமது ஊருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதன் மாலுமிகள் பலரின் பெயர்கள் இங்கே வீதிகளாக இருக்கின்றன. நாம் தினமும் கார் ஓட்டும் ஹார்வுட் அவெனியூவும், அந்தச் சண்டையை வழிநடத்திய ஹென்றி ஹார்வுட்டின் பெயர்தான்.

வட அமெரிக்காவுக்கு நம்மவர்கள் ஓட்டி வந்த கப்பல் ஒன்றும் உண்டு. அதன் பெயர் அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமான இரட்டைப் பாய்மரக் கப்பல். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார். 32 அடிப் படகொன்றில் 1928இலிருந்து 1931 வரை உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்றவர் அவர். அன்னபூரணிக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார்: ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு சென்ற வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பேர்முடா வழியாக அதை மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று 1938 ஓகஸ்ட் 1.

கடலும் கப்பலும் அவர்களுக்குப் புதியவை அல்ல. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் ரங்கூன்வரை போய் அரிசியும் மரமும் ஏற்றி வந்தவை. அந்தத் தொழிலின் நாட்காட்டி காற்று: சோழகத்தில் ஒரு திசை, வாடையில் மறு திசை. ஜிப்ரால்டரைத் தாண்டியதும் சோழகமும் இல்லை, வாடையும் இல்லை. வேறு காற்றுகளை முதலிலிருந்து பழகவேண்டும்.

அத்தகைய சிறிய கப்பலில் பெருங்கடல் கடப்பது வீரக்கதையைவிட வீட்டுவேலைக்கே நெருக்கமானது. இரவும் பகலும் முறைவைத்துச் சுக்கான் பிடிக்கவேண்டும். உரசிக் கிழிந்த பாயைத் தைக்கவேண்டும். பலகைப் பொருத்துகளால் கசியும் நீரை இறைத்து ஊற்றவேண்டும். நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பும் தோய்ப்பும் உப்பு நீரில். ஆடும் தளத்தில் உலை கவிழாமல் சோறு ஆக்குவதே ஒரு கலை. தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தூங்குபவனின் உயிர் சுக்கானில் நிற்பவனின் கண்ணில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வாரக்கணக்கில் வாழும் அந்தச் சிலரிடையே கோபத்துக்குக்கூட ஒதுங்கி நிற்க இடமில்லை.

48 ஆண்டுகளும் பத்து நாட்களும் கழித்து, 1986 ஓகஸ்ட் 11 அன்று, அதே பெருங்கடலில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டார்கள். அவர்களை முதலில் மீட்டது கஸ் டால்ரன் என்பவரின் மீன்பிடிக் கப்பல். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தப் படகுகளில் சுக்கான் முறையும் இல்லை, சமையலும் இல்லை, காத்திருப்பு மட்டுமே.

கனடாத் தமிழரின் கதையை நாம் பெரும்பாலும் இந்தப் படகுகளிலிருந்துதான் தொடங்குகிறோம். அது நியாயம்தான், இங்கே வேரூன்றியவர்கள் அவர்கள். அன்னபூரணியின் ஆட்கள் குடியேற வந்தவர்கள் அல்ல. தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலையை முடித்துக் கொடுத்தவர்கள். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை, தன் முன்னோர் இந்தக் கடலில் கைவிடப்பட்டதை மட்டும் அறிந்து வளர்ந்தால், அது பாதிக் கதைதான். அவர்கள் இதே கடலைக் கடந்து கப்பல் ஓட்டியும் வந்தார்கள்.

ஹார்வுட் யார் என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் தெருப்பலகையைப் பார்த்துக் கேட்கலாம். தம்பிப்பிள்ளை யார் என்பதை நாம்தான் வீட்டில் சொல்லவேண்டும்.