புல்லட்டுக்கு மூன்று கணக்கு

போன மாதம் அப்பாவின் புல்லட், டாங்கில் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் செகந்திராபாத் வந்து இறங்கியது. 1984 மாடல், 350 சிசி. அப்பாவுக்கு முட்டி வலி, கிக்கரை மிதிக்க முடிவதில்லை. "நீயே வச்சுக்கடா" என்றார். அந்த ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆனது.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கியர் பாக்ஸ் மூடியைத் திறந்தவர் முகம் சுளித்தார். "கிரீஸ் நக்கோ சாப், நைன்ட்டி ஆயில் டாலேங்கே" என்று பழசை வழித்து எறிந்துவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றினார். மறுநாள் காலை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எண்ணெய்க் குளம். வாராக்கடன் ஆசாமியை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தார் வாட்ச்மேன்.

அப்பாவுக்கு போன் போட்டேன். "அதுல ஆயில் நிக்காதுடா, கிரீஸ்தான் நிக்கும்." ஏன்ப்பா? "அது அப்படித்தான்."

பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று சிரிக்காதீர்கள். "அது அப்படித்தான்" என்பதற்குப் பின்னால் நல்ல சரித்திரம் இருக்கிறது.

இன்றைய பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான். பழைய பிரிட்டிஷ் பைக்குகள் அப்படி இல்லை. இன்ஜினை ராயல் என்ஃபீல்டு செய்தது. கியர் பாக்ஸ், பர்மிங்காமில் இருந்த ஆல்பியன் கம்பெனியின் வடிவமைப்பு. அதை இன்ஜினுக்குப் பின்னால் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயினும் கிளட்ச்சும் இடது பக்கம் தனியாக ஒரு பெட்டிக்குள். ஆக மூன்று தனித்தனி கணக்கு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் செய்யத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் தாய்க் கம்பெனி மறைந்தேபோனது. பிள்ளை மட்டும் வடசென்னையில் அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் 1984-ல் செய்த எங்கள் வண்டிக்குள்ளும் 1950களின் கியர் பாக்ஸ்!

அந்தப் பெட்டியில் தண்டுகள் வெளியே வரும் இடத்தில் இன்றைய வண்டிகளைப் போல இறுக்கமான ஆயில் சீல் கிடையாது. வெண்கல புஷ் மட்டும்தான். மெல்லிய எண்ணெய் அந்த இடுக்கு வழியே வெளியேறிவிடும். அதை அறிந்தே குழைவான கிரீஸுக்காக வடிவமைத்தார்கள். ஆனால் அப்பா சொன்னதும் முழுக்கச் சரியில்லை (அவரிடம் சொல்லிவிடாதீர்கள்). கெட்டி கிரீஸ் போட்டால், சுற்றும் பல்சக்கரம் தனக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது, பல் காய்ந்துபோகும். எனவே மிருதுவான கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து, தோசை மாவு பதத்தில் போடுவதே பழைய கை வைத்தியம். ஆயிலிலும் ஜி.எல்-5 வகையைவிட ஜி.எல்-4 நல்லது. ஜி.எல்-5-ல் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்மானம் வெண்கலத்தை அரிக்கக்கூடும்.

பிரைமரி பெட்டியின் கதை வேறு. அங்கே கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே குளிக்கின்றன. எண்ணெய் ரொம்ப வழுக்கினால் கிளட்ச் நழுவும், ரொம்பக் கெட்டியானால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு நியூட்ரல் விழாது. கார்களுக்கான எண்ணெயில் பெட்ரோல் மிச்சத்துக்காக உராய்வு குறைக்கும் மருந்துகளைச் சேர்க்க ஆரம்பித்ததும் பைக் கிளட்ச்சுகள் திண்டாடின. 1990களின் இறுதியில் ஜப்பான்காரர்கள் 'ஜாசோ' தரம் கொண்டுவந்தது அதற்காகத்தான். டப்பாவில் எம்.ஏ. என்று போட்டிருந்தால் இந்தப் பெட்டிக்கு ஊற்றலாம்.

இன்னொரு வழி, ஆட்டோமேட்டிக் கார்களுக்கான சிவப்பு ஏ.டி.எஃப். எண்ணெய். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு 1949-ல் தரம் வகுத்தபோது, கிளட்ச் பதமாகப் பிடிக்க அதில் திமிங்கில எண்ணெய் சேர்ந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடுத்ததும், வேதியியல்காரர்கள் மாற்றுத் தேடி அலைந்தார்கள். இப்போது வருவது முழுக்கத் தொழிற்சாலைச் சரக்கு, சைவம் என்றே வைத்துக்கொள்ளலாம். :-)

நான் 20W-40 எம்.ஏ. ஊற்றியிருக்கிறேன், லெவல் ஸ்க்ரூ வழியே எட்டிப் பார்க்கும்வரை. அரை லிட்டர்கூட ஆகவில்லை. ஹைதராபாத் மே மாத வெயிலில் ஏ.டி.எஃப். அளவு மெல்லியதை வைத்து, ஒற்றை நட்டில் தொங்கும் அந்த மூடியை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. கியர் பாக்ஸில் தோசை மாவு.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஒழுகுதா?"

"கொஞ்சம், ரூபாய்க் காசு அளவுக்கு."

"பரவால்ல. ரெண்டாவது கியர் சத்தம் வருதா? போனை வண்டிகிட்ட வச்சு ஓட்டிக் காட்டு."

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பார்க்கிங்கிலேயே இரண்டாவது கியரில் ஓட விட்டேன். வாட்ச்மேன் போனைப் பிடித்துக்கொண்டார்.