பல்கலைக்கழக வாயிலும் பாடத்தெரிவும்

உயர்தர வகுப்பில் எப்பாடங்களைப் பயில்வது என்னும் வினா இன்று இல்லந்தோறும் எழுகின்றது. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் தந்தை ஒன்று கூறத் தாய் பிறிதொன்று விழைய, மாணவரோ நண்பர் சென்ற வழியே செல்ல முற்படுவர். இவ்வினா நேற்றுப் பிறந்ததன்று. ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு இதற்குண்டு. நம் கரையோரத்து முகத்துவாரம் ஒரு பருவத்தில் திறந்தும் மறுபருவத்தில் மணல் மூடியும் கிடத்தலை மீனவர் அறிவர். அஃதறியாது தோணி செலுத்துவார் இலர். பல்கலைக்கழக வாயிலும் அத்தன்மைத்தே. அதன் விதிகள் தலைமுறைதோறும் மாறி வந்துள்ளன. அம்மாற்றங்களைச் சுருங்க நோக்கி, அவற்றால் நாம் அறியத்தக்கன யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை மாணவர்க்கு அவ்வாயிலின் திறவுகோல் கடலுக்கு அப்பால் இருந்தது. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும், 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் இங்கு நடைபெறத் தொடங்கின. வினாக்கள் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டன, மொழியும் ஆங்கிலமே. ஆதலின் எப்பாடம் பயில்வது என்பதை மாணவனின் விருப்பமன்று, அவன் பயின்ற பாடசாலையில் எவ்வாசிரியர் உளர் என்பதே தீர்மானித்தது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிய பின்னரும் அங்குப் பயின்றோர் இலண்டன் பட்டத்துக்கே தோற்றினர்.

இத்தகைய காலத்தில் நம் காரைதீவிற் பிறந்த ஒருவர் அவ்வாயிலைக் கடந்த வரலாறு சிந்தித்தற்குரியது. மயில்வாகனம் என்னும் இயற்பெயருடைய சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்தார். மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிற் பயின்று 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும், அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பண்டிதப் பரீட்சையால் விஞ்ஞானப் பட்டத்துக்கு ஒரு புள்ளிதானும் கூடியிராது. அவர் அதனை வாயிலுக்காகக் கற்றாரல்லர். எனினும் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றன. 1947இல் வெளியான யாழ் நூலில் அவர்தம் கணிதமும் பௌதிகவியலும் பழந்தமிழ் இசையாராய்ச்சிக்குத் துணைநின்றன. பரீட்சைக்குரிய கல்வியும் பரீட்சைக்குப் புறம்பான கல்வியும் ஒருவரிடத்தே கூடியமையின் பயன் இது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. வாயில் நம் நாட்டுக்கே வந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கியவிடத்தும், ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் உள்ள பாடசாலைகள் நகரங்களிலேயே மிக்கிருந்தன. இக்குறையை உணர்ந்தோருள் ஏ. எம். ஏ. அஸீஸ் ஒருவர். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியேற்ற அவர், இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் கல்வி நிலையை நேரிற் கண்டார். விபுலாநந்தரோடும் நட்புப் பூண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தோன்றுதற்கு முன்னின்றவரும் அவரே. பொருளின்மையால் திறமை வாயிலிலேயே நின்றுவிடலாகாது என்பது அவர் கருத்தாயிற்று.

விஞ்ஞானக் கல்வியை நாடுவோர் தொகை பெருகப் பெருக வாயில் ஒடுங்கிற்று. அரசியலும் அவ்வாயிலில் வந்து நின்றது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவக் கல்விக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலத்தார் 250 பெறல் வேண்டியிருக்கச் சிங்களமொழி மூலத்தார்க்கு 229 போதியதாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. முன்னையது தமிழ் மாணவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணை விளைத்தது. பின்னையதோ இருமுகமுடையது: யாழ்ப்பாணத்து மாணவர் பலரின் வழியை அடைத்தது, ஆய்வுகூடமற்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழி திறந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைந்தாலன்றி அவ்வரலாறு முழுமையுறாது.

வாயில் விதிக்குள் வேறொரு நோக்கம் மறைந்திருத்தல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஹார்வார்ட் முதலிய பல்கலைக்கழகங்கள் மாணவரின் பரீட்சைத் திறனோடு அவர்தம் குணநலம், தலைமைப்பண்பு, விளையாட்டு ஆகியவற்றையும் நோக்குதலைப் பலர் போற்றுவர். அம்முறை 1920களில் வலுப்பெற்றதற்குப் பரீட்சையில் முன்னின்ற யூத மாணவரின் தொகையைக் குறைக்கும் நோக்கமும் ஒரு காரணமென்பதை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். எனவே விதி எதுவாயினும், அதனை வகுத்தோர் யார், அதனாற் பயன் பெறுவோர் யார் என வினாவுதல் கற்றார் கடனாம்.

இனி இன்றைய விதியை நோக்குவோம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. அம்பாறை அப்பதினாறனுள் ஒன்று. ஆகவே காரைதீவு மாணவரும் சாய்ந்தமருது, நிந்தவூர் மாணவரும் அம்பாறை நகரத்துச் சிங்கள மாணவரும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். தரவரிசையை மூன்று பாடங்களின் இஸட் புள்ளிச் சராசரி தீர்மானிக்கின்றது. ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10 எனக் கொள்வோம். அதில் 65 பெற்றவரின் இஸட் புள்ளி 1.5 ஆகும். பிறிதொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 20 எனின், அதில் 80 பெற்றவர்க்குக் கிடைப்பது 1.0 மட்டுமே. இலகுவான பாடமென நாடிச் செல்வோர் இதனை உணர்தல் வேண்டும்; தமக்கு இலகுவாயது பிறர்க்கும் இலகுவே.

மற்றொன்று: மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும்; பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். இவ்வழிகள் உயர்தரத்தில் திடீரெனத் தொடங்குவன அல்ல. ஒன்பதாம் வகுப்பிற் கணிதத்தைக் கைவிட்ட மாணவன் பதினாறாம் வயதிற் பொறியியலைத் தெரிதல் எளிதன்று. ஆசிரியர் இதனைப் பெற்றோர்க்குக் காலத்தே எடுத்துரைத்தல் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் அன்றி வேறு கல்வியே இல்லையென மயங்குவோர்க்கு, 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் உளது என்பதையும், விவசாயம், சட்டம், வணிகம் முதலிய துறைகளையும் எடுத்துக்காட்டல் தகும்.

விளையாட்டு, நாடகம், இசை, சாரணியம், சொற்போர் ஆகிய இணைப்பாடவிதானச் செயல்கள் நம் நாட்டு அனுமதியில் மிகச் சிறிதே எடையுடையன. தேசிய மட்டத்திற் சிறந்தோர்க்கு ஒரு சில இடங்கள் உள. ஏனையோர்க்கு இஸட் புள்ளியே சாட்சி. அதனால் உயர்தர மாணவரை மைதானத்திலிருந்தும் மேடையிலிருந்தும் விலக்கி, விடியல் முதல் இரவு வரை தனியார் வகுப்புகளுக்கு அனுப்புவாரும் உளர். இது குறுகிய கணக்கு. பல்கலைக்கழகத்துட் புகுந்தபின் பலர்முன் பேசவும், பிறரோடு கூடித் தொழில் செய்யவும், தோல்வியைத் தாங்கவும் அறியாதவர் வாயிலைக் கடந்தும் வழியறியாது நிற்பர்.

வரலாறு கூறுவது யாதெனின், விதி மாறும். ஆனால் விதி மாறிய ஒவ்வொரு காலத்தும் மாணவனின் தெரிவை முதலிற் குறுக்கியது அவனது பாடசாலையின் வறுமையே. இணைந்த கணிதம் போதிக்க ஆசிரியர் இல்லாதவிடத்து ஒரு மாணவி கலைப்பிரிவிற் சேர்வாளாயின் அதனைத் தெரிவென்று கூறுதல் பொருந்துமோ? அவளுக்கு இருந்தது ஒரே வழி. பழைய மாணவர் தம் கல்லூரிக்குச் செய்யத்தக்க உதவி பல உள. அவற்றுள் ஆய்வுகூடத்துக்கு வேண்டிய கருவியும், கணித விஞ்ஞான ஆசிரியர் இல்லாதவிடத்து அப்பாடங்களைத் தாமே சில மாலைகள் கற்பித்தலும் முதலிடம் பெறுக. ஆசிரியராகிய நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரின் பெற்றோரையும் அழைத்து மேற்கூறிய விதிகளை விளக்குவோம். மாணவரைத் தெரிவு செய்யுமாறு கேட்பதற்கு முன், தெரிவதற்கு இரு வழிகளேனும் அவர்முன் இருத்தல் வேண்டும்.