உடம்படுமெய்யும் ‘ஆ-த்-இல்’லும்: கலேவெல மாணவர்க்குப் பிரெஞ்சு கற்பிக்கும் வழி

அம்பேபுஸ்ஸவில் தொடங்கும் ஏ 6 வீதி குருநாகல், கலேவெல, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் போகிறது. 1782-இல் சுப்ரேன் என்ற தளபதியின் பிரெஞ்சுக் கடற்படை அந்தத் துறைமுகத்தைப் பிடித்தது. ஆனால் மொழி வேரூன்றும் அளவுக்கு அது அங்கே தங்கவில்லை. இன்று பிரெஞ்சு பேசுவோர் இந்த வீதியில் வருவது வேறு காரணத்துக்காக. கலேவெலவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் தம்புள்ளைக் குகைக்கோயில் இருக்கிறது. அதைத் தாண்டினால் சிகிரியா. சிகிரியா 1982-இலும் தம்புள்ளை 1991-இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இலங்கைக்கு அதிகம் பயணிகளை அனுப்பும் முதல் பத்து நாடுகளில் பிரான்ஸ் பெரும்பாலும் இருந்து வருகிறது.

ஆகவே கலேவெலவில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு தொலைதூர ஆடம்பரம் அல்ல. தடை பாடத்தெரிவில்தான் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் ஆறு கட்டாயப் பாடங்கள் போக, மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றைத் தெரிய வேண்டும். பிரெஞ்சு முதலாம் தொகுதியில் வருகிறது. வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழி சிங்களம், அரபு எல்லாமே அதே தொகுதிதான். சிங்களம் பெரும்பான்மையாக வழங்கும் ஊரில் வாழும் தமிழ் பேசும் பிள்ளை, சிங்களத்தையோ கணக்கீட்டையோ விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு வருமா? வர வேண்டும் என்று வற்புறுத்துவது நியாயமும் அல்ல. ஆனால் வர விரும்பும் பிள்ளையின் பாரத்தையாவது குறைக்கலாம். இப்போது பிரெஞ்சுப் பாடநூல்களும் விளக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகின்றன. ஒரு அந்நிய மொழியைக் கற்க இன்னொரு அந்நிய மொழியில் தேற வேண்டியிருக்கிறது. அந்த இரட்டைப் பாரம் தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பிரெஞ்சில் ‘இல் ஆ’ என்றால் ‘அவனிடம் இருக்கிறது’. அதைக் கேள்வியாக்கச் சொற்கள் இடம் மாறும். அப்போது ‘ஆ’வும் ‘இல்’லும் நேரே மோதுவதால், நடுவே ஒரு தகரம் புகுந்து ‘ஆ-த்-இல்’ என்றாகிறது. ஆங்கில வழி கற்றவர்க்கு இந்தத் தகரம் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி. மணி + அடித்தது = மணியடித்தது, திரு + அருள் = திருவருள் என்று புணர்ச்சி படித்த பிள்ளைக்கோ அது உடம்படுமெய். நம்மிடம் யகரமும் வகரமும் செய்யும் வேலையை அங்கே தகரம் செய்கிறது. பெயருக்கு முன் வரும் ‘ல’ என்ற சிறுசொல்லும் ‘ஆமி’ (நண்பன்) என்ற சொல்லும் சேர்ந்து ‘லாமி’ ஆவதும், வீடு + இல்லை = வீடில்லை என்று உகரம் கெடுவதும் ஒரே வகை நிகழ்ச்சி.

மரியாதைச் சொல்லும் அப்படித்தான். ‘த்யு’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். பன்மைச் சொல்லே ஒருவருக்கான மரியாதைக்கும் வருவது வரை இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லை நடுவே கொண்டுவந்தால் இந்த ஒற்றுமை மறைந்துவிடும்.

ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அவற்றையும் தமிழில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். ‘வந்தேன்’ என்றாலே போதும், வந்தது யார் என்று விகுதி காட்டிவிடும். பிரெஞ்சு விகுதிகளிற் பல எழுத்தில் மட்டும் நின்று காதில் விழாமற் போவதால், ‘நான்’ என்பதை விட முடியாது. தமிழ்ப் பிள்ளை இங்கே இடறும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மேசைக்கும் புத்தகத்துக்கும் பால் இருப்பது அஃறிணைக்குப் பழகிய மனத்துக்கு இன்னும் கடினம். ஆனால் கலேவெலவின் முஸ்லிம் பிள்ளைகளில் அரபு கற்றவர்களுக்கு இது புதிதல்ல. அரபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பிரெஞ்சில் நேர்மாறாகச் சூரியன் ஆண், சந்திரன் பெண். மத்ரசாவில் அரபு படித்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் அந்த இரண்டு சொற்களும் மறக்காது.

தமிழ் வழிப் பிரெஞ்சு புதிய யோசனையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே புதுச்சேரியில் பாதிரிமார் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்டார்கள். பின்னர் மொழிபெயர்ப்பாளர் வெ. ஸ்ரீராம் ‘அந்நியன்’ போன்ற படைப்புகளைப் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலப் பாலம் இல்லாமலும் கடக்கலாம் என்று காட்டினார். தமிழ்நாட்டின் மேனிலைப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுப்பவர்களிற் பலருக்கு அது மதிப்பெண் வாங்கித் தரும் பாடம். தேர்வு முடிந்ததும் மொழியும் போய்விடுகிறது. கலேவெல அந்த வழியில் போகக்கூடாது.

ஆங்கிலம் தெரிந்தால் பிரெஞ்சு எளிது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆயினும் அந்த உதவி சொல்வளத்தோடு நிற்கிறது. மேலே கண்ட இலக்கண முடிச்சுகளை அவிழ்க்க அது போதாது. ஆசிரியர் கிடைப்பது இன்னும் பெரிய சிக்கல். பாடசாலைக்கு ஒருவர் கிடைக்காவிட்டாலும், அயற் பாடசாலைகள் சில சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்து, தரம் 8 அளவில் மாலை வகுப்பாகத் தொடங்கலாம். பரீட்சைப் பாடமாக எடுப்பதா என்று பிள்ளை தரம் 10-இல் முடிவுசெய்யட்டும். அதற்குள் ஆசிரியர் கையில் நாற்பது பக்கத் தமிழ்க் கைந்நூல் ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் முதற் பக்கத்தில் ‘த்யு’வும் ‘வூ’வும், எதிரே நீயும் நீங்களும், இரண்டாம் பக்கத்தில் மணியடித்தது, அதன் கீழே ‘ஆ-த்-இல்’.